யாருடைய இரவுகள் பதிவாகின்றன?

'கம்யூனிட்டி' என்ற சொல்லை நான் கற்றுக்கொண்டது பள்ளிக்கூடத்தில் அல்ல, தாலுகா அலுவலகத்தில். பத்தாம் வகுப்பு முடித்த கோடையில் சான்றிதழுக்காக அப்பாவோடு வரிசையில் நின்றேன். "கம்யூனிட்டி என்ன?" என்று தலை நிமிராமல் கேட்டார் எழுத்தர். அப்பா குரலைத் தாழ்த்திப் பதில் சொன்னார். தெருவே கேட்கும்படி பேசுகிற மனிதர் அவர். அவர் குரல் தாழ்ந்து நான் கேட்டது அதுதான் முதல்முறை. அகராதி என்ன சொன்னாலும் நம் ஊரில் கம்யூனிட்டி என்றால் சாதி. கல்யாணத் தரகர் கேட்பதும் வாடகை வீட்டுக்காரர் கேட்பதும் அதைத்தான்.

அதனால்தான் பல ஆண்டுகள் கழித்து, முனைவர் பட்ட ஆய்வுக்காகப் படித்துக்கொண்டிருந்தபோது, 'கம்யூனிட்டி ரேடியோ' என்ற சொல் என்னைக் கொஞ்சம் தொந்தரவு செய்தது. ஒலிப்பதிவுகள் எப்படி ஒரு கூட்டத்தின் நினைவாக மாறுகின்றன என்பது என் ஆய்வுப் பொருள். அந்த வழியில் போய் நான் மாட்டிக்கொண்டது அமெரிக்காவின் பெர்க்கிலி நகரத்து வானொலி நிகழ்ச்சி ஒன்றில். நிலையத்தின் பெயர் கே.பி.எஃப்.ஏ. நிகழ்ச்சியின் பெயர் 'டெட் டு தி வேர்ல்ட்'. ஒவ்வொரு புதன்கிழமையும் இரவு எட்டு மணி முதல் பத்து மணி வரை, முழுக்க ஜாம் பேண்ட் இசை. அங்கே புதன் இரவு என்றால் இங்கே வியாழன் காலை எட்டரை. அமெரிக்காவில் குளிர்காலத்துக்குக் கடிகாரத்தை மாற்றினால் ஒன்பதரை. விடுதி அறையில் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு இணையம் வழியாக வாரா வாரம் கேட்டேன். ஆய்வுக்குறிப்பு எடுக்கத்தான் தொடங்கினேன். பிறகு குறிப்பு நின்றுபோனது, கேட்பது நிற்கவில்லை.

"வெள்ளைக்கார ஹிப்பிகளின் பாட்டை உட்கார்ந்து கேட்கிறாயே, உனக்கு வேறு வேலை இல்லையா தோழர்?" என்று கேட்ட நண்பர்கள் உண்டு. இந்தக் கட்டுரை அவர்களுக்கான பதில். அந்தப் பாட்டை நீங்களும் கேளுங்கள் என்று சொல்ல வரவில்லை. அந்த நிகழ்ச்சியிலிருந்து சாதி ஒழிப்பு அரசியல் எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது, கேள்வி கேட்க வேண்டிய ஒன்றும் இருக்கிறது என்பதே என் வாதம்.

ஜாம் பேண்ட் என்றால் என்ன? ஒரு பாட்டை ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி வாசிக்கிற குழு. பாட்டின் வரிகள் ஒரு தொடக்கம் மட்டுமே. அதன்பின் கிட்டாரும் பாஸும் டிரம்ஸும் ஒன்றை ஒன்று கேட்டுக்கொண்டு, எங்கே போகிறோம் என்று முன்கூட்டித் தீர்மானிக்காமல் போய்க்கொண்டே இருக்கும். 1965-இல் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் தொடங்கிய கிரேட்ஃபுல் டெட் குழுதான் இதன் மூலவர். பின்னால் ஃபிஷ் போன்ற பல குழுக்கள் வந்தன. டெட் குழுவின் 'டார்க் ஸ்டார்' பாட்டு 1968-இல் சிறிய இசைத்தட்டாக வந்தபோது மூன்று நிமிடம்கூட இல்லை. அடுத்த ஆண்டு நேரடி நிகழ்ச்சி இசைத்தட்டில் அதே பாட்டு 23 நிமிடம்.

23 நிமிடப் பாட்டை எந்த வணிக வானொலி போடும்? அதற்குள் எத்தனை விளம்பரம் போட்டிருக்கலாம்! இப்படிப்பட்ட இசைக்கு வாரம் இரண்டு மணி நேரம் கிடைப்பது கே.பி.எஃப்.ஏ போன்ற நிலையத்தில்தான். இரண்டாம் உலகப்போரில் ஆயுதம் ஏந்த மறுத்த லூயிஸ் ஹில் என்பவரும் நண்பர்களும் 1949-இல் தொடங்கிய நிலையம் அது. விளம்பரம் கிடையாது, முதலாளி கிடையாது. கேட்பவர்கள் தரும் பணத்தில் நடக்கிறது. அமெரிக்காவில் இந்த முறைக்கு வழி திறந்ததே அந்த நிலையம்தான். ஆண்டுக்கொரு முறை நாள் முழுக்க டெட் இசையை ஒலிபரப்பி, "கேட்கிறீர்கள் அல்லவா, பணம் கொடுங்கள்" என்று வெளிப்படையாகக் கேட்பார்கள். போரை எதிர்த்துப் பேசும் நிலையத்தின் மின்கட்டணத்தில் ஒரு பகுதியை இந்த ரசிகர்களின் பணம் கட்டுகிறது.

இந்த இசைக்கும் அந்த நிலையத்துக்கும் உறவு அதைவிடப் பழையது. டெட் குழுவில் பின்னால் பாஸ் வாசித்த ஃபில் லெஷ், 1960-களின் தொடக்கத்தில் கே.பி.எஃப்.ஏ-வில் ஊதியமில்லாத ஒலிப்பதிவாளர். ஒரு விருந்தில் ஜெர்ரி கார்சியா என்ற இளைஞர் வாசிப்பதைக் கேட்டு, அதை நாடாவில் பதிந்துகொண்டுபோய் நிலையத்தில் போட்டுக் காட்டினார். கேட்ட நிகழ்ச்சிப் பொறுப்பாளர் கார்சியாவுக்கு ஒரு முழு நிகழ்ச்சியே கொடுத்தார். அப்போது கார்சியா யாருக்கும் தெரியாத ஆள். நிலையான வருமானம் இல்லை, கையில் கிட்டார் மட்டும் உண்டு. அவருக்கு எதிரே ஒருவர் பதிவுக்கருவியை வைத்தார். உலகப்புகழ் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

என் கவனத்தைப் பிடித்தது அந்தப் பதிவுக்கருவிதான். டெட் குழு 1965 முதல் 1995-இல் கார்சியா இறக்கும் வரை சுமார் 2,300 நிகழ்ச்சிகள் நடத்தியது. அவற்றில் பெரும்பகுதி ஏதோ ஒரு வடிவில் பதிவாகி இருக்கிறது. ரசிகர்கள் மைக்கைக் கம்பில் கட்டித் தூக்கிப் பிடித்துப் பதிந்தார்கள். மற்ற குழுக்கள் அப்படிப் பதிபவர்களை வெளியே தள்ளிய காலத்தில், இவர்கள் 1984-இல் அரங்குக்குள்ளேயே பதிபவர்களுக்கென்று தனி இடம் ஒதுக்கினார்கள். ஒரே நிபந்தனை, விற்கக் கூடாது. வெற்றுக் கேசட்டையும் திரும்பி வரத் தபால்தலையையும் ஒரு கவரில் போட்டு முன்பின் தெரியாத ஒருவருக்கு அனுப்பினால், அவர் பதிந்து திருப்பி அனுப்புவார். நம் ஊர் ரெக்கார்டிங் கடையில் அறுபது நிமிடக் கேசட்டும் பாட்டுப் பட்டியலும் கொடுத்துவிட்டு வந்த அப்பாவின் தலைமுறைக்கு இது உடனே புரியும். கடைக்காரருக்குக் கொடுக்கும் காசு மட்டும் அங்கே இல்லை.

நிகழ்ச்சியை நடத்திய டேவிட் கான்ஸ், 1985 முதல் டெட் இசைக்கென்றே வானொலி நடத்தி வருபவர். இந்த வகை நிகழ்ச்சிகளில் ஒவ்வொரு பதிவோடும் தேதி வரும், ஊர் வரும், அரங்கின் பெயர் வரும். எந்தப் பாட்டிலிருந்து எந்தப் பாட்டுக்கு நழுவினார்கள் என்பது வரும். ரசிகர்களிடம் '1977 மே 8' என்று சொன்னால் போதும், கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹால் என்று பதில் வரும். அந்த ஓர் இரவின் பதிவு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. குழுவின் கடிதங்களும் துண்டறிக்கைகளும் சான்டா குரூஸ் நகரிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆவணக் காப்பகமாக இருக்கின்றன. ஒரு சாதாரண இரவு, ஒரு கல்லூரி அரங்கு, கொஞ்சம் இளைஞர்கள். அதற்கு இவ்வளவு மரியாதை.

அந்த மே 8-ஐப் பதிவு செய்தவர் பெட்டி கேன்டர்-ஜாக்சன் என்ற பெண் ஒலிப்பொறியாளர். பிற்காலத்தில் கிடங்கு வாடகை கட்ட முடியாமல் போய், 1986-இல் அவருடைய நாடாக்கள் பெட்டி பெட்டியாக ஏலத்தில் போயின. நினைவைக் கட்டிக்காத்த தொழிலாளியின் கதி அங்கேயும் அதுதான். ஆனாலும் அந்த நாடாக்களை ரசிகர்கள் இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். பதிந்த கையின் பெயர் அழியவில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்குத் தாத்தாவின் நினைவு வந்தது.

தாத்தா பறை அடித்தவர். வட மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் ஆறு பேர் கொண்ட செட்டில் அவர் மூத்தவர். நான் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார். அவர் அடித்ததை நான் கேட்டதில்லை, இனிக் கேட்கவும் முடியாது. ஒரு நிமிடப் பதிவுகூட இல்லை. ஒரு புகைப்படம் உண்டு, அதில் கையில் பறை இல்லை. அத்தை சொல்லித்தான் எனக்குக் கொஞ்சம் தெரியும். "ராத்திரி பூரா அடிப்பாங்க பாப்பா. உங்க தாத்தா ஒண்ணு அடிச்சா எதிர்ல இருக்கிறவர் அதையே கொஞ்சம் மாத்தி அடிப்பாரு. அதைக் கேட்டுட்டு இவரு இன்னொண்ணு போடுவாரு. விடிய விடியப் போகும். நடுவுல தோலைக் காய்ச்சறதுக்கு மட்டுந்தான் நிறுத்துவாங்க." வைக்கோல் தீயில் தோலைக் காட்டி முறுக்கேற்றிக்கொண்டு மறுபடியும் தொடங்குவார்களாம்.

அத்தை வருணித்தது ஒரு ஜாம். ஒருவரை ஒருவர் கேட்டு, ஒருவருக்கு ஒருவர் பதில் சொல்லி, முடிவைத் தீர்மானிக்காமல் மணிக்கணக்கில் நீளும் இசை. பெர்க்கிலி வானொலி இதைத்தான் சுதந்திரத்தின் இசை என்று கொண்டாடுகிறது.

ஆனால் இங்கே கவனமாக இருக்க வேண்டும். இரண்டும் ஒன்று என்று சொல்லிவிட்டால் அது பொய். டெட் குழு இன்று இந்தப் பாட்டு வேண்டாம் என்று சொல்லலாம். இந்த ஊருக்கு வரமாட்டோம் என்றும் சொல்லலாம். தாத்தாவால் முடியாது. ஊர்த்தெருவில் சாவு விழுந்தால் ஆள் வரும், போயாக வேண்டும். காய்ச்சலில் கிடந்தாலும் போக வேண்டும். ஒருமுறை போகாமல் இருந்ததற்குக் களத்தில் நெல் அளக்காமல் திருப்பி அனுப்பினார்கள் என்று அத்தை சொன்னார். அவருடைய விரல்களுக்குள் சுதந்திரம் இருந்தது, கால்களுக்கு இல்லை.

அதனால்தான் அப்பா பறையைத் தொடவில்லை. "அந்தத் தோல் இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாது" என்பது அவருடைய சட்டம். தாத்தாவின் பறை என்ன ஆனது என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று மறுத்து அடி வாங்கிய தலைமுறை அது. அந்த மறுப்பு இல்லாமல் நான் பல்கலைக்கழகம் வந்திருக்க முடியாது. இன்று என் வயதுத் தோழர்கள் பறையை விடுதலைக் கருவியாகக் கையில் எடுக்கிறார்கள். அதையும் மதிக்கிறேன். இந்த இரண்டு நியாயங்களுக்கும் நடுவில் தாத்தாவின் வாசிப்பு எங்கேயோ விழுந்துவிட்டது. கேட்க ஆள் இல்லாமல் போனதல்ல காரணம். அது நினைவில் வைக்கத் தகுந்தது என்று நாங்களே நம்பாதபடி செய்யப்பட்டிருந்தோம்.

எங்கள் கிராமத்திலும் ஒரு 'கம்யூனிட்டி ரேடியோ' இருந்தது. பஞ்சாயத்து ரேடியோ. பழைய ஆட்கள் எல்லோருக்கும் தெரியும், பஞ்சாயத்துக் கட்டடத்தில் பெட்டியும் வெளியே கம்பத்தில் குழாயும் இருக்கும். மாலையில் போட்டால் செய்தி, வயலும் வாழ்வும், சினிமாப் பாட்டு எல்லாம் வரும். அந்தக் கட்டடம் ஊர்த்தெருவில் இருந்தது. திண்ணையில் உட்கார்ந்து கேட்டவர்கள் ஊர்க்காரர்கள். எங்கள் ஆட்கள் காற்று வீசும் திசையைப் பார்த்துப் புளியமரத்தடியில் நின்று கேட்டார்கள். காற்று மாறினால் பாட்டு பாதியில் போய்விடும் என்பார் அத்தை. பொதுப்பணத்தில் வாங்கிய பெட்டி, பொது அலைவரிசை. ஆனால் காதுக்கும் ஓர் எல்லைக்கோடு போடப்பட்டிருந்தது.

இந்த நினைவோடு திரும்பிப் போய் ஜாம் இசையைக் கேட்டபோது, அதற்குள்ளும் அதே கேள்வி இருந்தது. டெட் குழு நீட்டி நீட்டி வாசித்த பாட்டுகளில் பல கறுப்பினத்தவர் உருவாக்கியவை. மேடையில் கால்மணி நேரத்துக்கு மேல் ஓடிய 'டர்ன் ஆன் யுவர் லவ் லைட்', கறுப்பினப் பாடகர் பாபி பிளாண்ட் 1961-இல் பாடி வெளியிட்டது. சாவைப் பற்றி அவர்கள் பாடிய மிகக் கனத்த பாட்டு, நியூயார்க்கின் ஹார்லம் தெருக்களில் பாடிப் பிழைத்த பார்வையற்ற போதகர் கேரி டேவிஸிடமிருந்து வந்தது. முடிவு தெரியாமல் நீளும் அந்த வாசிப்பு முறைக்கே ஜான் கோல்ட்ரேனின் ஜாஸ் குழுதான் பாடம் என்று அந்தக் கலைஞர்களே சொல்லியிருக்கிறார்கள்.

இன்னொரு பெயரை இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், எலிசபெத் காட்டன். டெட் குழு 1981-இல் வெளியிட்ட இசைத்தட்டில் அவருடைய பாட்டு ஒன்று இருக்கிறது. வட கரோலினாவில் 1893-இல் பிறந்த கறுப்பினப் பெண். சிறுமியாக இருந்தபோதே வீட்டுவேலைக்குப் போய், அந்தக் கூலியில் ஒரு கிட்டார் வாங்கினார். இடதுகைப் பழக்கம் என்பதால் கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்து, கட்டைவிரலால் மேல்சுரத்தையும் மற்ற விரல்களால் கீழ்சுரத்தையும் வாசிக்கிற ஒரு முறையைத் தானாகவே உண்டாக்கினார். சிறு வயதிலேயே பாட்டும் கட்டினார். பிறகு கல்யாணம், சபைக் கட்டுப்பாடு, வேலை. கிட்டார் கையை விட்டுப் போனது.

பல பத்தாண்டுகள் கழித்து, வாஷிங்டனில் இசைக்குடும்பம் ஒன்றில் சமையலும் வீட்டுவேலையும் பார்த்துக்கொண்டிருந்தபோது, சுவரில் மாட்டியிருந்த கிட்டாரை எடுத்து வாசித்தார். அந்த வீட்டு மகன் அவரைப் பதிவு செய்து, 1958-இல் முதல் இசைத்தட்டு வந்தது. அப்போது அவருக்கு வயது அறுபதுக்கு மேல். அதற்கு முந்தைய ஆண்டே அவர் சிறுமியாகக் கட்டிய பாட்டு இங்கிலாந்தில் வேறு இருவர் பெயரில் வெளியாகிப் புகழ்பெற்றிருந்தது. அது தன் பாட்டு என்று நிலைநாட்ட வேண்டியிருந்தது. 1985-இல் கிராமி விருது வாங்கியபோது வயது தொண்ணூறைத் தாண்டியிருந்தது. 1987-இல் இறந்தார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வெள்ளையர் குழுவின் முப்பது ஆண்டுகள் ஏறத்தாழ இரவு வாரியாகப் பதிவாகி இருக்கின்றன. அவர்கள் பாடிய பாட்டைக் கட்டிய பெண்ணின் முதல் அறுபது ஆண்டுகளில் ஒன்றுமே இல்லை. அவர் கடைசியில் பதிவானதும்கூட, வேலை பார்த்த வீடு தற்செயலாக இசைக்குடும்பமாக இருந்ததால்தான். வேறு வீட்டில் பாத்திரம் தேய்த்திருந்தால்? பதிவுக்கருவி நடுநிலையானதல்ல. யாருக்கு ஏற்கெனவே மரியாதை இருக்கிறதோ அவர்களைத் தேடித்தான் அது போகிறது.

டெட் குழுவை வெறும் திருடர்கள் என்று தள்ளிவிட முடியாது. 1971 மார்ச் 5 அன்று ஓக்லாந்தில், சிறையிலிருந்த தோழர்களுக்காகக் கறுஞ்சிறுத்தைகள் நடத்திய ஒற்றுமை நிகழ்ச்சியில் அவர்கள் வாசித்தார்கள். அடுத்த ஆண்டு பம்பாயில் தலித் சிறுத்தைகள் இயக்கம் அதே பெயரை எடுத்துக்கொண்டு எழுந்தது. ஆனால் ஒரு மாலை மேடையேறுவது வேறு, தன் கூட்டத்தின் அமைப்பை மாற்றுவது வேறு. ஜாம் பேண்ட் ரசிகர் கூட்டம் இன்றும் பெரும்பாலும் வெள்ளையர் கூட்டம்தான், அதை அவர்களே பேசுகிறார்கள்.

நம் நாட்டு வாத்தியங்களும் அந்த வட்டத்துக்குப் போயிருக்கின்றன. டெட் குழுவின் தாளக் கலைஞர் மிக்கி ஹார்ட், 1991-இல் 'பிளானட் டிரம்' என்ற இசைத்தட்டை உருவாக்கினார். அதில் ஜாகிர் உசேனின் தபலா உண்டு, நம் விக்கு விநாயக்ராமின் கடம் உண்டு. கிராமி விருதும் கிடைத்தது. அவர்களுடைய திறமையில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. என் கேள்வி வேறு. உலகத்தின் தாளங்கள் என்று தேடி வருகிறவர்களுக்கு நம் பக்கத்திலிருந்து சபா மேடை முதலில் தெரிகிறது, சேரி ஏன் தெரிவதில்லை? மானாமதுரையில் கடம் சுடும் குயவர்களின் பெயர் எத்தனை ரசிகருக்குத் தெரியும்? மிருதங்கத்துக்குத் தோல் பதப்படுத்தி, அறுத்து, வார் பிடித்துக் கட்டுகிற தலித் கிறித்தவக் குடும்பங்களின் பெயர்களைத் தேடி டி.எம்.கிருஷ்ணா 2020-இல் ஒரு நூலே எழுத வேண்டியிருந்தது. வாத்தியம் உலகம் சுற்றுகிறது, செய்தவர் பெயர் பட்டறையிலேயே நின்றுவிடுகிறது.

இப்போது 'கம்யூனிட்டி' என்ற சொல்லுக்குத் திரும்புகிறேன். சாதி என்பது கதவடைக்கப்பட்ட வகுப்பு என்று 1916-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையில் அண்ணல் அம்பேத்கர் விளக்கினார். உள்ளே பிறந்தால் உண்டு, வெளியிலிருந்து நுழைய முடியாது. வெற்றுக் கேசட் அனுப்பினால் சேர்த்துக்கொள்ளும் ஒரு கூட்டம் அதற்கு நேர் எதிர். பிறப்பைக் கேட்காத கம்யூனிட்டி ஒன்று சாத்தியம் என்பதை அந்த வானொலியில் காதால் கேட்டேன், அதை மறுக்க மாட்டேன். ஆனால் கதவைத் திறந்து வைப்பது மட்டும் போதாது என்பதையும் அதே வானொலிதான் காட்டியது. தெருவில் நிற்பவருக்கு அந்தக் கதவு தனக்கும்தான் என்று நம்ப ஒரு காரணம் வேண்டும். தன்னைப் போன்றவரின் பெயரை உள்ளே யாரோ சரியாக உச்சரிப்பது காதில் விழ வேண்டும்.

நம்மிடம் வாய்ப்பே இல்லையா? அலைவரிசை பொதுச்சொத்து என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கல்வி நிறுவனங்களுக்குச் சமுதாய வானொலி அனுமதி 2002-இல் வந்தது, சமூக அமைப்புகளுக்கு 2006-இல். இன்று நாடு முழுக்கச் சுமார் 500 நிலையங்கள் இருக்கின்றன. கட்டுப்பாடுகள் கடுமையானவை. 100 வாட் சக்தி, சுற்றுவட்டாரத்தில் சில கிலோமீட்டர், சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது. இந்த வேலிக்குள்ளேயே தெலங்கானாவின் மாச்னூர் கிராமத்தில் தலித் பெண்கள் 2008 முதல் சங்கம் ரேடியோவை நடத்திக் காட்டியிருக்கிறார்கள். விதை, பயிர், பண்டிகை, பாட்டு எல்லாம் அவர்கள் பேச்சு மொழியிலேயே. பேசுவதும் அவர்கள், பதிவதும் அவர்கள். புளியமரத்தடியில் நின்று கேட்ட என் அத்தைக்கு அதைச் சொன்னபோது, "நம்ம பொம்பளைங்களா ரேடியோ பெட்டியைத் திறக்கிறாங்க?" என்று இரண்டு முறை கேட்டார்.

"வன்கொடுமைகள் நடக்கும்போது வானொலி நிகழ்ச்சியா முக்கியம்?" என்று கேட்கலாம். வழக்கும் போராட்டமும் முதலில், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் நம் வாழ்க்கை பொதுவெளியில் பதிவாவது கொலை நடக்கும்போது மட்டும்தான் என்ற நிலையும் சாதியின் வேலைதான். முதல் தகவல் அறிக்கையில் நம் பெயர் இருக்கிறது, பிரேதப் பரிசோதனை அறிக்கையில் இருக்கிறது. ஒரு நல்ல இரவின் பதிவில் இல்லை. நம் சாதாரண நாட்களும் தேதி போட்டுக் காப்பாற்றத் தக்கவை என்று சொல்வது அரசியல் இல்லையென்றால் வேறு எது அரசியல்?

"யூடியூபில் பறை நிறைய இருக்கிறதே" என்றும் சொல்வார்கள். இருக்கிறது. தேடிப் பாருங்கள். 'பறை மாஸ் அடி' என்றிருக்கும், அடித்தவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. ஊர், தேதி, எந்த அடி, யாரிடம் கற்றார் எதுவும் இருக்காது. முப்பது நொடிக்கு மேல் பொறுமையும் இருக்காது. விழாவுக்கு ஒரு நாள் மேடையேற்றிச் சால்வை போர்த்திவிட்டு மறந்துவிடுகிற பழக்கம் நம் இயக்கங்களிலும் உண்டு. ஜாம் பேண்ட் வானொலியிடம் நான் கற்றது இதற்கு நேர் எதிரான ஒழுங்கு. வாரா வாரம், குறித்த நேரத்தில், முழு நீளத்தில், பெயரோடும் தேதியோடும், காசு வாங்காமல்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது தாத்தாவின் செட்டில் கடைசியாக மிச்சமிருப்பவரைப் பார்க்கப் போனேன். முறைக்கு எனக்குச் சின்னத் தாத்தா. கண் சரியாகத் தெரியவில்லை. பதிவு செய்யலாமா என்று கேட்டேன். "எதுக்கும்மா? அந்தக் கருமத்தை விட்டுத்தானே உங்கப்பன் உன்னைப் படிக்க வெச்சான்" என்றார். தாத்தாவின் அடியைக் கேட்க வேண்டும் என்றேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு பேரனை அனுப்பிப் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பறையை வாங்கிவரச் சொன்னார்.

அடிக்கும் முன் அவராகவே ஒன்று செய்தார். செட்டில் இருந்த ஆறு பேரின் பெயரையும் அப்பன் பெயரோடு சேர்த்துச் சொன்னார். யார் அடிக்குச்சி பிடிப்பதில் கெட்டி, யாருக்கு இடக்கை, தோல் காய்ச்சுவதில் யாருக்குக் கைராசி என்றெல்லாம் சொன்னார். தாத்தாவுடையது என்று நான்கு அடிகளை வாசித்துக் காட்டினார். சாவு அடியைக் கேட்டபோது மறுத்துவிட்டார். "அது வேணாம். அது அவங்களுக்கு அடிச்சது. இதுல வரக் கூடாது." நான் வற்புறுத்தவில்லை. தாத்தாவுக்குக் கிடைக்காத மறுக்கும் உரிமையை அவர் பயன்படுத்தினார். அந்த மறுப்பும் பதிவில் அப்படியே இருக்கிறது.

மொத்தம் 41 நிமிடம். அப்பாவிடம் போட்டுக் காட்டினேன். பெயர்கள் வரும் பகுதி வரை கேட்டுவிட்டு எழுந்து வெளியே போனார். மறுநாள் காலையில், "அந்த மூணாவது பேரு தப்பா சொல்றாரு, அவங்கப்பன் பேரு வேற" என்றார். திருத்திக் குறித்துக்கொண்டேன்.

உங்கள் கல்லூரியில் சமுதாய வானொலி இருந்தால் வாரம் ஒரு மணி நேரம் கேளுங்கள். இல்லையென்றால் கையில் செல்பேசி இருக்கிறது. உங்கள் தெருவில் பறை, பம்பை, உறுமி வாசித்தவர்கள், ஒப்பாரி பாடிய பாட்டிகள், நடவுப்பாட்டு தெரிந்த அத்தைகள் யார் என்று பட்டியல் போடுங்கள். சம்மதம் கேளுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள். முழுப் பெயர், ஊர், தேதி, யாரிடம் கற்றார், தோல் கட்டியவர் யார் என்பதைத் தவறாமல் குறியுங்கள். வெட்டிச் சுருக்காதீர்கள், விற்காதீர்கள். இதை ஒரு நாள் விழாவாகச் செய்யாமல் வாரா வாரம் செய்யுங்கள். வயதானவர்களிடமிருந்து தொடங்குங்கள்.